தெவசத்துக்கு முந்தி வந்த மீசை

தூத்துக்குடி
2.7.25

என் செல்ல மகன் பாலகணேஷுக்கு அம்மா எழுதுறது. இங்கன நான் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

ஞாயித்துக்கிழமை வார்டன் போன்ல "அம்மா"ன்னு கூப்பிட்டியே. அப்படியே அப்பா குரல். மகரக்கட்டு உடைஞ்சிட்டுன்னு பக்கத்து வீட்டு இசக்கிசெல்விகிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். மீசையும் வந்துட்டாம்லா, லீவுல வந்த உன் கூட்டாளி ரெக்சன் சொன்னான். அதைப் பார்க்காம இருப்புக் கொள்ளலை.

இருபதாம் தேதி அப்பாவுக்கு முதல் தெவசம். முந்தின நாளே வந்துரு. மொட்டை போட்டு மீசையும் எடுக்கணும், அது நம்ம வீட்டு வழக்கம். போன வருசம் எடுக்க உனக்கு மீசையே இல்லை.

அம்மா

சாத்தான்குளம் விடுதி
7.7.25

அன்புள்ள அம்மா,

மொட்டை போட்டுக்கிடுதேன். மீசையை மட்டும் விட்டுரச் சொல்லும்மா. என் வகுப்புல சந்தனச்செல்வின்னு ஒரு பிள்ளை. போன வாரம் லேப்ல வச்சு, "ஏலே, மீசை உனக்கு நல்லாருக்குலே"ன்னு சொல்லிட்டா. அதுலருந்து எனக்குச் சோறே இறங்கலை. இருபத்தொண்ணாம் தேதி அறிவியல் கண்காட்சி, அவளும் நானும் ஒரே மேசை.

மீசை இல்லாதவனை இங்க பசங்க பொம்பளைப் பிள்ளையைக் கூப்பிடுற மாதிரி 'ஏளா'ன்னு கூப்பிடுதானுவ. அழுதாலும் அப்படித்தான்.

பாலகணேஷ்

தூத்துக்குடி
12.7.25

என் ராசா,

எழுத்துக்கூட்டி வாசிக்கிறவ நான். அந்தப் பிள்ளை சொன்னதை மட்டும் கடகடன்னு வாசிச்சிட்டேன். உங்க பெரியப்பாகிட்ட கேட்டேன். மீசையோட நின்னா தம்பிக்கு எள்ளுந் தண்ணியும் எதுக்குன்னு குதிக்கார். "அத்தான், அது அவன் மீசை, அவன் சொல்றதுதான்"னு சொல்லிட்டேன். நீ வந்து சொல்லு. எதுன்னாலும் அம்மா உன் பக்கம்.

அம்மா

சாத்தான்குளம் விடுதி
22.7.25

அம்மா,

கடற்கரையில எனக்காகப் பெரியப்பாவை முறைச்சிக்கிட்டு நின்னே. நானே நாவிதர்கிட்ட மீசையையும் எடுக்கச் சொன்னதும் திகைச்சிட்டே. அங்க வச்சு சொல்ல முடியலை. அப்பாவுக்குக் குடுக்க என்கிட்ட அது ஒண்ணுதான் புதுசா இருந்துச்சு.

நேத்து சந்தனச்செல்வி என்னைப் பார்த்துட்டு, என்னலே ஆச்சுன்னு கேட்டா. சொன்னேன். அவ சிரிக்கலை. "உங்க அப்பா பேரு என்ன"ன்னு கேட்டா. வன்னியபெருமாள், துறைமுகத்துல கண்டெய்னர் லாரி ஓட்டினாருன்னு சொல்லும்போதே அழுதுட்டேன். பசங்க எல்லாரும் பார்த்தானுவ. பார்த்துட்டுப் போறானுவன்னு இருந்துச்சும்மா.

பாலகணேஷ்

தூத்துக்குடி
26.7.25

என் ராசாவுக்கு,

உன் கடுதாசியை வாய்விட்டுத்தான் வாசிச்சேன். நடுவுல அப்பா பேரு வந்துட்டு. கட்டினவரு பேரைச் சொல்லக்கூடாதுன்னு கல்யாணம் ஆனதுலருந்து நான் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில கேட்டாக்கூட உன்னைத்தான் சொல்ல வைப்பேன். இன்னைக்கு வாசிச்ச வேகத்துல வாய் சொல்லிட்டு. நல்லாருந்துச்சுலே. மறுபடியும் சத்தமா சொன்னேன். இசக்கிசெல்வி வந்து எட்டிப் பார்த்துட்டுப் போனா.

அந்தப் பிள்ளையை நான் விசாரிச்சேன்னு சொல்லு.

இப்படிக்கு,
வன்னியபெருமாள் பொஞ்சாதி
சண்முகவடிவு