குறிலா, நெடிலா?

இன்று காலை அலமாரியில் ஒரு பழைய குப்பியைத் திறந்தேன். ஃபார்மலின் நெடி கண்ணைக் கரித்தது. ஒட்டியிருந்த சீட்டில் உன் கையெழுத்து. அந்த நேரம் பார்த்து, எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த வேலையில் இருக்கும் பெண் வாசலில் வந்து நின்றாள். "மேடம், என் எக்ஸ்டென்ஷன்..." என்று மலையாளத்தில் இழுத்தாள். "நோக்காம்" என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு அவளை உட்காரச் சொன்னேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாமும் இப்படித்தான் நின்றோம். நான் இதே ஊரில் கரமனைத் தெருவில் வளர்ந்த தமிழ்க்காரி. நீ நாகர்கோவிலிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தவள். கடல் ஆய்வுத் திட்டம் ஒன்றில் இருவருக்கும் தற்காலிக வேலை. மார்ச்சோடு அது முடிந்திருந்தது. நீட்டிப்பு ஆணை வராமல் படகு தரமாட்டார்கள். படகில்லாமல், ஜூனில் தொடங்கும் எடவப்பாதி மழைக்காலத்துக் கடல் மாதிரிகளை எடுக்க முடியாது. ஆராய்ச்சி ஒரு வருஷம் தள்ளிப்போகும், அதற்குள் வீட்டில் எனக்குக் கல்யாணத்தை முடித்துவிடுவார்கள். மேகம் கறுக்கும்போதெல்லாம் நான் காலண்டரில் நாளை எண்ணுவேன்.

திட்டத் தலைவர் எதற்கும் "நோக்காம்" என்பார். பார்ப்போம் என்று அர்த்தம். பார்க்கமாட்டேன் என்றும் அர்த்தம். நீதான் அதற்கு இலக்கணம் கண்டுபிடித்தாய்: வெடுக்கென்று சொன்னால் குறில், நடக்காது, "நோக்காஆம்" என்று இழுத்தால் நெடில், நடக்கும். அவர் அறையிலிருந்து நான் வெளியே வந்ததும் வராந்தாவில் மடக்குவாய்.

"ஏட்டி, குறிலா நெடிலா?"

"தெரியலைடி. நடுவிலே இருமிட்டார்."

நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. உனக்குப் பயமே இல்லையா என்று கேட்டேன்.

"எனக்கும் பயந்தான். ரெண்டு பேரும் சேந்து அழுதா சாயா யாரு வாங்கித் தருவா?" என்றாய்.

ஆணை மழையோடு மழையாக வந்து சேர்ந்தது. விழிஞ்ஞம் துறைமுகத்திலிருந்து படகில் போய் வலை இழுத்தோம். நான் வாந்தி எடுத்துக் கிடந்தேன், என் குப்பிகளையும் நீயே நிரப்பினாய். இன்று திறந்தது அதில் ஒன்று.

பிறகு எனக்கு நிரந்தர வேலை கிடைத்தது. உனக்கு ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தம், அப்புறம் நோய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, "டாக்டரே, இனி ஜோலிக்குப் போகாமோ?" என்று, வேலைக்குத் திரும்பலாமா என்பதை மலையாளத்தில் கேட்டாய். அவர் கையிலிருந்த தாளிலிருந்து நிமிராமல், வெடுக்கென்று "நோக்காம்" என்றார்.

அவர் போனதும் என் பக்கம் திரும்பினாய். "நெடில்தானே?"

"நெடில்தாண்டி," என்றேன்.

உனக்குக் காது நன்றாகத்தான் கேட்கும். என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

நீ இல்லாமல் போன பிறகு அந்தச் சொல்லை நான் யாரிடமும் சொல்வதில்லை. இன்றும் அந்தப் பெண்ணை எதிரில் வைத்துக்கொண்டே தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மணி அடிக்க அடிக்க, எனக்கே ஆணை வரவேண்டும் என்பது போல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். எடுத்தவர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். "நோக்காம், மேடம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். குறிலா, நெடிலா? இத்தனை வருஷமாகியும் எனக்குப் பிடிபடவில்லையடி. நீ வந்து மடக்கிக் கேட்பாய் என்பது போல் வராந்தாவைத் திரும்பிப் பார்க்கிறேன்.