வெள்ளிக்கிழமைக் கையெழுத்து

3, திங்கள்

விடிந்ததிலிருந்து புழுக்கம். எண்ணூர் பக்கத்திலிருந்து அதே வாடை. சஸ்பென்ஷனில் இருபதாவது நாள். இன்றைய வேலை: கேஸ் சிலிண்டர் புக் செய்ய, சட்டை இஸ்திரிக்கு, விளக்கக் கடிதம் மூன்று ஜெராக்ஸ்.

சார்ஜ் மெமோவை மறுபடி படித்தேன். போன நவம்பரில் ஒரு நாள், அரசு வாணிபக் கழகக் கிடங்கின் எடைமேடையில் ஒரு லாரியை எடை போடாமலே வெளியே விட்டேனாம். பதிவேட்டில் என் கையெழுத்து இருக்கிறதாம். எனக்கு அந்த லாரியே ஞாபகமில்லை. எடை போடாமல் ஒன்றையும் விட்டதில்லை என்று சத்தியம் செய்வேன். விட்டிருப்பேனோ?

நசீமா அடுப்படியிலிருந்து: "பண்ணலன்னா பண்ணலன்னு சொல்லிட்டு வாங்களேன். இதுல இன்னா கொழப்பம்?"

எல்லாமே குழப்பம்தான்.

5, புதன்

வியாசர்பாடியிலிருந்து செல்வம் வந்தான். எடைமேடையில் என் கூட்டாளி. விசாரணையில் எனக்காகப் பேச உடன் வேலை செய்பவர் ஒருவரை வைத்துக்கொள்ளலாம். வேறு யாரைக் கேட்பேன்?

செ.: "பதிவேட்ட இன்னும் கண்ணுல காட்டலியே. இயற்கை நீதின்னு ஒண்ணு கீது மாமு. பேப்பர காட்டாம உன்ன தண்டிக்க முடியாது. வுடமாட்டேன்."

பதிவேடு கேட்டு மூன்றாவது கடிதம், அவன் கையாலேயே. முதல் இரண்டுக்கும் பதில் 'பரிசீலனையில்'. இன்னொரு கூத்து: புகார் எழுதிய மேலாளரே விசாரணை அதிகாரி. கேட்பதும் அவர், தீர்ப்பு எழுதுவதும் அவர்.

செல்வத்துக்கு ஏற்கெனவே இரண்டு தண்டனை. இன்னொன்று வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படியும் எனக்காக வருகிறான். அழுகை வந்தது. டீ குடித்தோம்.

7, வெள்ளி

ஜும்மாவுக்கு வண்ணாரப்பேட்டை. அவசரமில்லாமல் தொழுதேன். வேலையில் இருந்தால் பன்னிரண்டே முக்காலுக்கு ஓட்டம். திரும்பும்வரை என் நாற்காலியில் செல்வம். என் கையெழுத்தையும் அவனே போட்டுவிடுவான். செவ்வாய்தோறும் அவன் மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவான். அன்று அவன் கையெழுத்தை நான். கிடங்கில் எல்லோருக்கும் இப்படி ஒரு ஜோடி உண்டு.

என் பெயருக்கு அடியில் ஒரு கோடு இழுப்பான். நான் இழுப்பதில்லை. "கோடு இருந்தாத்தான் மாமு கெத்து" என்பான்.

10, திங்கள்

விசாரணை. புகார்தாரரே விசாரிப்பது தப்பு என்றான் செல்வம். 'ஆட்சேபணை பதிவு செய்யப்பட்டது.' அவ்வளவுதான். பதிவேடு வேண்டும் என்று மேசையைத் தட்டினான். கடைசியில் எடுத்துப் போட்டார்கள். பார்க்க ஐந்து நிமிடம் கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை. மதியம் 1.20. என் பெயர். அடியில் கோடு.

மெமோவில் தேதி மட்டும்தான் இருந்தது. கிழமை பார்க்க இருவருக்குமே தோன்றவில்லை.

செல்வம் முகத்தில் ஈயாடவில்லை. அவனுக்கும் அப்போதுதான் தெரிந்தது. அல்லது முன்பே தெரியுமோ? தெரிந்தால் ஏன் மூன்று கடிதம்? ச்சே, என்ன புத்தி எனக்கு.

மேலாளர்: "இது உங்க கையெழுத்துதானா?"

இல்லை என்றால், யாருடையது என்பார். நாளை வரை அவகாசம் கேட்டேன்.

பஸ் ஸ்டாப்பில் செ.: "உள்ளத சொல்லிடு மாமு. என்ன பாக்காத." சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

நசீமாவிடம் சொன்னேன். "நமக்கும் ரெண்டு புள்ளைங்க கீதுங்க" என்றாள். சற்றுக் கழித்து, "அவரு பொண்ணுக்கு இப்ப எப்டி கீதாம்?"

11, செவ்வாய்

தூறல். பஸ்ஸில் ஒரு முடிவு, படியேறும்போது வேறு முடிவு. செல்வம் எனக்கு முன்பே வந்திருந்தான். மகளை இன்று மனைவி கூட்டிப்போயிருக்கிறாள்.

மேலாளர் அதே கேள்வி. மூன்று முறை கேட்டார்.

"சரி. போதுமான வாய்ப்பு கொடுத்தும் பதில் சொல்லலன்னு எழுதிக்கிறேன். கீழ கையெழுத்து போடுங்க. பதிவேட்டுல இருக்கறதோட ஒத்துப் பாத்துக்கலாம்."

செல்வம் எழுந்தான். "சார், அது வந்து..."

அவன் முடிப்பதற்குள் பேனாவை வாங்கி என் பெயரை எழுதினேன். அடியில் ஒரு கோடு இழுத்தேன்.