அலுமாரியில் ஐந்து பீங்கான்கள்

1972 நவம்பர் 6, திங்கள்

மூட்டுவாதத்தால் மனம் இப்படிக் கிடக்கிறதா, மனம் இப்படிக் கிடப்பதால் மூட்டு கூடுதலாக நோகிறதா? விடை தெரியாது. இருபத்து மூன்று வருடமாக விலங்கியல் படிப்பிக்கிறேன். காரணத்தையும் விளைவையும் மாற்றி எழுதிய பிள்ளைகளுக்குப் புள்ளி குறைத்திருக்கிறேன்.

விடிய மழை. எழும்பியது 5.40. விறைப்பு விட்டு விரல் மடங்கியது 7.25. சேலைக்கு ஊசி குத்த முடியவில்லை, செருகிக்கொண்டு பள்ளிக்கூடம். கரும்பலகையில் என் எழுத்து எனக்கே விளங்கவில்லை.

பின்னேரம் மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுச் சுலைகாவின் கை. ஒரு பீங்கான் தட்டில் சோறும் மீன்கறியும்.

"டீச்சர், சூடா இரிக்கு. ஆறமுன்னம் தின்னுங்க."

வாங்கினேன். கதவைச் சாத்தினேன். முழுவதையும் சாப்பிட்டேன். பீங்கானைக் கழுவி அலுமாரியில் மற்ற நாலின் மேல் வைத்தேன். ஐந்து. இங்கே யாரும் பீங்கானை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. முன்பு நானும் பால்ரொட்டி சுட்டு வைத்துக் கொடுத்தேன். இப்போது தேங்காய் துருவக் கை விடாது. கை விடும் நாளில் மனம் விடாது.

நவ. 7, செவ்வாய்

மழை. மதிலுக்கு அப்பால் சுலைகா யாருக்கோ:

"படிச்ச மனுசியெல்லோ. நம்மட சோத்தைத் தின்னுதோ, நாய்க்குப் போடுதோ, ஆருக்குத் தெரியும்? பீங்கானும் வாறல்ல. இனி நான் குடுக்கல்ல."

சொல்லிவிடலாமென்று மதிலடி வரை போனேன். திரும்பி வந்தேன். கை ஏலாது என்றால் அடுத்த கேள்வி வரும்: பொழுதுபட்டும் ஏன் லைற் போடாமல் இருக்கிறீர்கள்?

நவ. 8, புதன்

கை வரவில்லை. இரவுச் சாப்பாடு பாணும் சீனியும்.

செய்ய வேண்டியவை: தங்கைக்குக் கடிதம். விடைத்தாள் 34. பீங்கான்.

ஒன்றும் செய்யவில்லை. துறைமுகத்தில் கப்பல் ஊதியது. இன்று என் வீட்டில் கேட்ட ஒரே குரல் அது.

நவ. 9, வியாழன்

கிளினிக். காத்திருக்கும் வாங்கில் எனக்குப் பக்கத்தில் கிளிவெட்டியிலிருந்து வந்த கமக்காரர் ஒருவர். என்னுடையதைப் போலவே கோணிய விரல்கள். நான் கேட்கவில்லை, அவராகவே:

"கைவலியச் சொன்னாக் குளிசை தாறாங்க அம்மா. வயலைப் பாக்கவே மனமில்லாமக் கிடக்கு. அதை ஆரிட்டச் சொல்லுற?"

"ஓம்" என்றேன்.

டொக்டரிடம் மூட்டுகளை வரிசையாகச் சொன்னேன். எழுதியபடியே "வேற என்ன?" என்றார். வேறொன்றுமில்லை என்றேன். அஸ்பிரினைக் கூட்டியிருக்கிறார். அதனால் காது இரையுமாம்.

பஸ்ஸில் தீர்மானம்: நாளை கடையில் பணியாரம் வாங்கி, ஐந்து பீங்கானிலும் வைத்துக் கொடுப்பது. காரணம் சொல்வதில்லை.

நவ. 10, வெள்ளி

நடந்தது இது. பள்ளி விட்டு வரும்போது பணியாரக் கடை ஜும்ஆத் தொழுகைக்காகப் பூட்டு. வீட்டில் இருந்தால் மறுபடி படுத்துவிடுவேன் என்று தெரியும். பீங்கான்களை முழங்கைகளால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன். அவள் வாசற்படியில் ஒன்று வழுக்கி விழுந்து உடைந்தது.

சுலைகா வந்தாள். வெறும் பீங்கான்களைப் பார்த்தாள். பிறகு என் விரல்களை.

"தேங்காய் துருவ ஏலாது" என்றேன். "அது மட்டுமில்லை. ஒண்டுக்கும் மனம் வருகுதில்லை. கன நாளா."

"அதை மதிலால ஒரு சத்தம் வெச்சுச் சொன்னா என்ன? நான் இஞ்ச உங்களை ஏசித் தள்ளிட்டன்."

"கேட்டது."

"கேட்டிச்சா!" வாயைப் பொத்திக்கொண்டாள். "கேட்டுமா சும்மா இரிந்தீங்க? நல்ல படிப்புத்தான்."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடைந்ததைப் பொறுக்கக் குனிந்தேன், அவள் விடவில்லை.

ஐந்து மணி வரை மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை வரவில்லை. ஆறுக்கு முன்கதவில் தட்டும் சத்தம். சுலைகா. கையில் ஒன்றும் இல்லை. உள்ளே வந்தாள், லைற்றைப் போட்டாள், குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள்.