பத்திரத்தில் பதினைந்து

குண்டசாலை
12.06.2005

அன்பு மகன் தனபாலனுக்கு,

கடவுள் புண்ணியத்தில் இங்கு பெரிய குறை ஒன்றுமில்லை, நீயும் கட்டாரில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். குளிக்க நீ அனுப்பிய சவர்க்காரமும் துவாயும் கிடைத்தன. நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி எழுதுகிறாள். டெலிபோனில் பேசினால் அப்பா பக்கத்தில் நிற்பார், அதனால்தான் அவர் இரவு வேலைக்குப் போன பிறகு இந்தக் கடிதம். இவள் எழுதும்போதே கதவைக் கதவைப் பார்க்கிறாள்.

பாடசாலையில் பெண்பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் தொடங்கியிருக்கிறார்கள். றம்ஸியா டீச்சர் எந்த வயதுக்கு எவ்வளவு ஓட வேண்டும் என்று அட்டவணை ஒட்டியிருக்கிறாராம். பன்னிரண்டு நிமிடத்தில் பதின்மூன்று வயதுக்கு ஆயிரத்துத் தொளாயிரம் மீட்டர், பதினைந்துக்கு இரண்டாயிரத்து நூறு. இவள் ஓடியது ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பது. "பதினைஞ்சு வயசுப் புள்ளைக்கு இது காணாதே" என்று டீச்சர் பெரிய பிள்ளைகளோடு பின்னேரமும் ஓட விட்டார். வியாழக்கிழமை வாந்தி எடுத்து, முழங்கால் வீங்கி வந்தாள். டீச்சரைக் குறை சொல்ல மாட்டேன், இவளுக்குப் பதின்மூன்றுதான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தேயிலைத் தோட்டத்தில் இருந்தபோது இவள் பிறப்பைப் பதியவில்லை. பாடசாலையில் சேர்க்கும் நேரம், காய்ச்சலில் போன உன் பெரிய தங்கச்சி யசோதாவின் பிறப்புப் பத்திரத்தை அப்பா கொடுத்துவிட்டது உனக்குத் தெரியும். வீட்டில் சுந்தரி, பாடசாலையில் யசோதா. வாயைத் திறந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று அன்று அப்பா சொன்னதை நினைத்து இவள் இன்னும் நடுங்குகிறாள். அடுத்த மாதம் ஐந்தாம் திகதி மறுபடி ஓட்டம் வைக்கிறார்கள். அதற்கு முன் நான் டீச்சரிடம் உள்ளதைச் சொல்லப் போகிறேன். பொய்யாகக் கொடுத்தது என்று பாடசாலையில் அந்தப் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டால் பெரியவள் பிறந்தாள் என்பதற்கு நம்மிடம் வேறொன்றும் மிஞ்சாது. அதற்காக, இல்லாத பிள்ளையின் வயதுக்கு இருக்கிற பிள்ளையை ஓட விடலாமா? நீ அப்பாவோடு பேசு. முழங்காலைப் பற்றிக் கேட்டுத் தொடங்கு, உன் பேச்சை அவர் கேட்பார்.

வெயிலில் தலையில் துணி கட்டாமல் வேலை செய்யாதே. முருகன் உன்னை நல்லபடி வைத்திருக்கட்டும். ஐந்தாம் திகதிக்கு முன் பேச வேண்டும், மறந்துவிடாதே.

உன் அம்மா,
ரத்தினம்மா

அண்ணா, அம்மா படுத்துவிட்டார், இது நான். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பதின்மூன்று வயதுக்குப் போட்டிருப்பதைவிட நான் ஐம்பது மீட்டர் கூட ஓடியிருக்கிறேன். அதையும் அப்பாவிடம் சொல்லுங்கள்.

சுந்தரி