பிடுங்காமல் விட்ட புல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். என் மானம் மட்டும் கொஞ்சம் சரியில்லை.

நேற்று நாம் போனில் பேசும்போது உன் அம்மா கத்தினாளே, பாம்பு என்று பயந்திருப்பாய். பாம்பு இல்லை, நான்தான். ஆற்றங்கரையில் குத்தவைத்துப் பேசிக்கொண்டே, நாங்களே நட்ட புல்லைக் களை என்று பிடுங்கிக்கொண்டே போயிருக்கிறேன். புல்லைக் கண்டால் பிடுங்கியே பழகிய கை, வளர்க்கிற புல்லை அதற்கு எப்படித் தெரியும்? நடவும் தெரியாது, சும்மா இருக்கவும் தெரியாது என்று திட்டிவிட்டுப் போனையும் வாங்கி வைத்துக்கொண்டாள். அதனால்தான் கடிதம். பிடுங்கினதை இருவரும் திரும்ப நட்டோம். பிழைத்துக்கொள்ளும்.

குழந்தைக்கு வயிறு தேவலையா? பால் குடிக்கிறானா? குழாய்த் தண்ணீரில் இன்னும் அந்தப் பச்சை வாடை வருகிறதா?

விவசாய ஆபீசரம்மா சொன்னபடிதான் செய்கிறோம். தண்ணீர் விளிம்பு வரை உழாமல் கரையை ஒட்டி ஒரு பட்டை நிலத்தை விட்டுவிட்டோம். வயல் பக்கம் புல், நடுவே புதர்ச்செடி, தண்ணீரோரம் நாணல். மழை அடித்தால் வயலில் போட்ட உரமும் கோழி எருவும் சேற்றோடு ஆற்றில் இறங்காமல் வேர் பிடித்துக்கொள்ளுமாம். உன் சித்தப்பா வரப்பில் நின்று சிரித்தான். ஊரே கொட்டுது, நீ ஒருத்தன் புல்லு வெச்சா ஆறு சுத்தமாயிடுமாண்ணே, மாடுகூட இல்லாதவனுக்கு எதுக்குப் புல்லு என்றான். உன் அம்மாதான், நம்ம வாசலயாவது நாம கூட்டுவோமே தம்பி என்றாள். அவன், புல் வளர்ந்ததும் என் மாட்டுக்குக் கொஞ்சம் அறுத்துக்கலாமா என்று கேட்டுவிட்டுப் போனான். வேரோடு பிடுங்கினால் கையை ஒடிப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். சொல்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று உன் அம்மா கேட்கிறாள்.

நல்லா விளையற நிலத்த ஏம்ப்பா விட்டீங்க என்று நீ கேட்டாய். முதுகு வலி, உழுகிற இடம் குறையட்டும் என்றேன். முதுகு நன்றாகத்தான் இருக்கிறது.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். புல் வேர் பிடிக்கக் கொஞ்ச காலமாகும். அதுவரை அவனுக்குத் தண்ணீரைக் காய்ச்சியே கொடும்மா. போனில் சொல்ல வாய் வரவில்லை. உன் வீட்டுக் குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணீர் நம் வயலைத் தொட்டுவிட்டுத்தான் வருகிறது.

உன் அப்பா