கரைந்துபோன மணிகள்

இன்று வடாம் போட ஊறவைத்த ஜவ்வரிசியை விரலால் நசுக்கிப் பார்த்தேன். நண்பா, உன் பின்னறை ஞாபகம் வந்துவிட்டது. எழுத உட்கார்ந்தேன், உட்காருவதே இப்போதெல்லாம் ஒரு வேலையாக இருக்கிறது.

மாத்திரைக் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றதும், திருமுல்லைவாயில் வீட்டின் அந்த அறையில் நீ என்சைம் என்னும் நொதிகளோடு குடியேறினாய். கடைச் சர்க்கரையை நொதியால் பிளந்து, ஒரு பாதியோடு பாஸ்பேட்டை ஒட்டவைப்பது உன் வேலை. பெரிய உயிர்வேதிப் பொருள்களைக் கட்ட அது ஒரு செங்கல். அதன் வெளிநாட்டுக் குப்பியின் விலைக்குப் பயந்து கல்லூரிகள் அதை வைத்துச் செய்யும் சோதனையையே விட்டுவிடுகின்றன என்று ஆற்றாமைப்படுவாய். விலை ஏறுவது நொதியால்தான். ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு தையற்காரரை வரவழைத்து, தைத்ததும் துரத்திவிடுவதுபோல, ஒருமுறை பயன்பட்ட நொதி வீணாகிறது. அதனால் கடற்பாசிப் பசையில் நொதியைக் கலந்து, கால்சியக் கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டு மணிகளாக்கினாய். வடிகட்டி எடுத்தால் அதே மணிகள் மறுபடியும் உழைக்கும்.

“இன்னா வாத்தியாரே, முத்து கணக்கா கீதா?” என்று குடுவையைக் காட்டினாய்.

“முந்திரி போட்டால் பாயசம்தான்,” என்றேன்.

“உனக்கு எப்பவும் துன்ற நெனப்புதான்யா!”

வினையின் வேகம் போதவில்லை என்றாய். பாஸ்பேட்டைக் கூட்டிப் பார் என்று சொன்னவன் நான். அடுத்த முறை நான் வந்தபோது மணிகள் கஞ்சியாகியிருந்தன.

“நொதி கெட்டுப்பூட்ச்சி. என் கை ராசி அப்பிடி,” என்று குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்தாய்.

நெமிலிச்சேரிக்குத் திரும்பும் ரயில் ஆவடியைத் தாண்டும்போது எனக்கு விளங்கியது. மணிகளைப் பிடித்து நிறுத்தியிருந்தது கால்சியம்; நான் கூட்டச் சொன்ன பாஸ்பேட் அதை இழுத்துக்கொண்டது. வருஷக்கணக்கில் வேதியியல் வகுப்பில் கரும்பலகையில் நானே எழுதிப்போட்ட வினை. உடனே போன் செய்திருக்கலாம். வெட்கமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நேரில் சொல்லலாம் என்று தள்ளினேன். அடுத்த ஞாயிறும் தள்ளினேன். நீ அறையைப் பூட்டினாய். பிறகு நெஞ்சுவலி, மூன்றே நாளில் போய்விட்டாய்.

போன வாரம்தான் உன் மனைவியிடம் சொன்னேன். கீரை ஆய்ந்தபடியே கேட்டார்.

“அப்பவே சொல்லிக்கலாமேண்ணா. இன்னொரு தபா போட்டுப் பாத்திருப்பாரு. அந்த ரூமைப் பூட்னதுலேருந்து மனுசன் சரியாவே சாப்டல.”

குரலில் கோபமே இல்லை. நானும் கொஞ்சம் கீரையை எடுத்து ஆயத் தொடங்கினேன்.

நொதி கெடவில்லை, உன் கையிலும் குறையில்லை. இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. கேட்க வேண்டியவன் இல்லாமல், அதை இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.