கைப்பையிலேயே இருந்த மனு

புதன்கிழமை, இரவு.

மகளுக்கு வகுப்பில் துணையாக ஓர் ஆயா வேண்டும் என்று எழுதிய மனுவோடு இன்று பள்ளிக்குப் போனேன். சத்தம் கூடினால் யாழினி காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடுவாள். தலைமை ஆசிரியை எழுந்து நின்று வரவேற்றார். காபி கொடுத்தார்.

“நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷனுங்க அம்மணி. பாப்பாவை நாளைக்கு மட்டும் ஊட்டுலயே வெச்சுக்கோங்க, சரிங்களா?”

“சரிங்க” என்றேன். “ரொம்ப நன்றிங்க” என்றும் சொன்னேன். அவ்வளவு மரியாதையாகக் கேட்டால் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. அன்னூர் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், மனு கைப்பையிலேயே இருந்தது. கோபம்கூட வரவில்லை.

யாழினி தூங்கிவிட்டாள். வழக்கம்போல ஷூவை வாசலைப் பார்க்க வைத்திருக்கிறாள். காலையில் அது அங்கே இல்லையென்றால் அழுவாள். இருந்தால் பள்ளிக்குக் கிளம்பிவிடுவாள். நான் இன்னும் அதைத் தொடவில்லை.